மீன்தொட்டிக்குப் பாட்டில் பாக்டீரியா: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலர் மீன் கடையில் புதிதாகத் தொட்டி வாங்குபவரிடம் ஃபில்டர், கூழாங்கல், ஆன்டி-குளோரின் ஆகியவற்றோடு ஒரு சிறிய பாட்டிலும் எடுத்து வைக்கப்படுகிறது. ‘இதை ஊற்றினால் உடனே மீன் விடலாம்’ என்ற உறுதியும் சேர்ந்து வருகிறது. அந்த உறுதி எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதை, இவ்விரு மாவட்டங்களின் தண்ணீரையும் வெயிலையும் கணக்கில் கொண்டு கீழ்வரும் பதில்கள் விளக்குகின்றன.

இந்தப் பாட்டிலில் உண்மையில் என்ன இருக்கிறது?

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் சேர்கிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது; மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு வரை தாங்கக்கூடியது. வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தில் வெளியேறிவிடும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவை உயிரோடு அடைத்துத் தருவதாகச் சொல்லித்தான் பாட்டில்கள் விற்கப்படுகின்றன.

ஆனால் எல்லாப் பாட்டிலிலும் இருப்பது அதே பாக்டீரியா அல்ல. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. நன்னீர் மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் வேறொரு இனம் என்பதைத் திமோதி ஹோவனெக் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தாமே செய்துவிடுகின்றன என்பது 2015-ல் தெரியவந்தது. ஆகவே லேபிளில் நைட்ரோசோமோனாஸ் (அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது), நைட்ரோஸ்பைரா ஆகிய பெயர்கள் இருப்பது நல்ல அறிகுறி. பேசிலஸ் என்ற பெயர் மட்டும் இருந்தால், அது வித்துறையாக (ஸ்போர் எனப்படும் கெட்டியான உறக்க வடிவில்) உறங்கிக் கிடந்து ஆண்டுக்கணக்கில் தாங்கும் வேறு வகை. தொட்டியின் அடியில் தேங்கும் கசடை அது சிதைக்கும், ஆனால் நமக்கு வேண்டிய நைட்ரேட்டாக்க வேலையை நம்பத்தக்க அளவில் செய்யாது. லேபிளில் எந்தப் பெயருமே இல்லாமல் ‘நன்மை தரும் பாக்டீரியா’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதை வாங்காமல் விடுவதே நல்லது.

ஊற்றிய அன்றே மீன் விடலாமா?

பாக்டீரியா உயிரோடு இருந்து, மீன்களும் மிகக் குறைவாக இருந்தால் சிக்கல் வராமல் போகலாம். அப்படியும் அன்றே விட வேண்டாம் என்பதே இங்கு தரப்படும் அறிவுரை. இந்த பாக்டீரியா இரட்டிப்பாவதற்கே பல மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேல் வரை ஆகும். அதோடு, தண்ணீரில் மிதக்கும் நிலையிலிருந்து ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் படலமாகப் பரவ வேண்டும். பாட்டில் இல்லாமல் தொடங்கும் தொட்டி தயாராகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நல்ல பாட்டில் அதை ஓரிரு வாரமாகக் குறைக்கும். வேகம் கூடும் என்பதுதான் அதன் பயன், காத்திருப்பே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

தொட்டி தயாரா என்பதைத் தீர்மானிப்பது நாள்கணக்கும் அல்ல. மீன் இல்லாத தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவுக்கு அம்மோனியா சேர்த்து (சேர்க்கும் முறை கீழே தனிக் கேள்வியாக உள்ளது), அடுத்த 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியத்துக்கு இறங்கினால் தயார். ஒன்று மட்டும் இறங்கினால் தயார் இல்லை.

சோதனைக் கிட் வாங்கித்தான் ஆக வேண்டுமா? பாட்டிலுக்கே செலவாகிவிட்டதே.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கிட்டை வாங்கி, பாட்டிலை விட்டுவிடலாம். பாட்டில் இல்லாமலும் பாக்டீரியா தானாக வரும், தாமதமாக. கிட் இல்லாமல் அது வந்ததா என்பது மீன் சாகும்போதுதான் தெரியும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் சொட்டு மருந்தால் பார்க்கும் கிட் போதும். நைட்ரேட் சோதனையின் இரண்டாவது சொட்டுப் பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் விட்டால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் பார்சல் லாரியில் வரும் பாட்டிலில் பாக்டீரியா பிழைத்திருக்குமா?

இந்தப் பக்கத்துக்கு இதுவே முதன்மையான கேள்வி. நைட்ரேட்டாக்க பாக்டீரியா வித்துறை உண்டாக்குவதில்லை. பாட்டிலுக்குள் அரைப்பட்டினியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குளிர்ச்சியில் அதன் தேவை குறைவதால் மாதக்கணக்கில் தாங்கும். சூட்டில் தேவை கூடி, இருப்பு தீர்ந்து, விரைவில் மடியும். சென்னை கொளத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அனுப்பப்படும் பெட்டி, மூடிய லாரியிலும் கூரியர் கிடங்கின் தகரக் கூரையின் கீழும் கிடந்து, அரூருக்கோ ஊத்தங்கரைக்கோ வந்து சேர்வதற்குள் உள்ளே ஏறும் சூடு வெளிவெப்பத்தைவிடக் கணிசமாகக் கூடுதல்.

எனவே மார்ச் முதல் மே வரை தபாலில் வரவழைப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்கள் பெங்களூருக்கு நேரில் போய், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விற்கும் கடையில் வாங்கி, ஐஸ் படாமல் துணி சுற்றிய பையில் எடுத்து வரலாம். பாட்டில் உறையவும் கூடாது. கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தால், காலாவதித் தேதி எவ்வளவு தள்ளியிருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அந்தத் தேதி லேபிளில் சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்தால் மட்டுமே செல்லும்.

திறந்தவுடன் அழுகிய முட்டை போல் நாறினால் செத்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. அடைபட்ட பாட்டிலில் ஆக்ஸிஜன் தீர்ந்து அந்த வாடை வருவதுண்டு. நாற்றத்தாலோ நிறத்தாலோ உயிரை அளக்க முடியாது.

அப்படியானால் உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டு வாளி போதும். இரண்டிலும் குளோரின் இல்லாத பத்துப் பத்து லிட்டர் போர் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு காற்றுக்கல், ஒரு புதிய ஸ்பாஞ்ச், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா. ஒன்றில் மட்டும் லேபிள் சொல்லும் அளவில் பாட்டிலை ஊற்ற வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டையும் அளந்தால், ஒரு வாரம் பத்து நாளுக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். ஊற்றிய வாளியில் அம்மோனியா இறங்கி, நைட்ரைட் ஏறி, பிறகு அதுவும் இறங்கினால் சரக்கு நல்லது. இரண்டு வாளியும் ஒன்றுபோலவே இருந்தால் வாங்கியது வெறும் தண்ணீர்.

ஒரு கூடுதல் சரிபார்ப்பும் உண்டு. 2 மில்லிகிராம் அம்மோனியா முழுவதும் மாறினால் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் நைட்ரேட் கூட வேண்டும். உரம் இட்ட வயல்களுக்கு நடுவே இருக்கும் போரில் முன்பே நைட்ரேட் இருக்கக்கூடும் என்பதால், தொடக்க அளவைக் குறித்துவைக்காமல் இந்தக் கணக்கைப் பார்த்துப் பயனில்லை. சோதனை வெற்றியானால் அந்த ஸ்பாஞ்சை அப்படியே தொட்டி ஃபில்டரில் வைத்துவிடலாம், உழைப்பு வீணாகாது.

ஓகேனக்கல் குடிநீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர்: எதை நிரப்புவது?

இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதால்தான் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் வந்தது. காவிரித் தண்ணீர் 2013 முதல் குழாயில் வருகிறது. அது குளோரின் கலந்த தண்ணீர். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினுக்கு நாம் காசு கொடுத்து வாங்கிய கிருமி எது என்று தெரியாது. ஆகவே முதலில் ஆன்டி-குளோரின், அதாவது கடைகளில் கட்டிகளாகக் கிடைக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) அல்லது அதன் கரைசல். அல்லது காற்றுக்கல் ஓட ஒரு நாள் திறந்து வைப்பது. அதன் பிறகே பாட்டில். ஒரே நேரத்தில் இரண்டையும் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட்டு, இடையே ஒரு நாள் விடுவது பாதுகாப்பு. பல வீடுகளில் குழாய் நீரும் போர் நீரும் ஒரே மாடித் தொட்டியில் கலக்கின்றன. அங்கே குளோரின் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. உப்பும் கடினத்தன்மையும், அமிலத்தை ஈடுகட்டி பி.எச். சரியாமல் காக்கும் காரத்தன்மையும் கூடுதல். இந்த பாக்டீரியாவுக்கு அது கெடுதல் இல்லை, சொல்லப்போனால் விருந்து. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை தீர்கிறது. காரத்தன்மை கையிருப்பில் இருக்கும் வரை வேலை நடக்கும், தீர்ந்தால் பி.எச். சரிந்து, 6.5-க்குக் கீழே போகப்போக பாக்டீரியா சோர்ந்து நின்றுவிடும்.

ஆர்.ஓ. தண்ணீரின் சிக்கல் இங்குதான் வருகிறது. ஃப்ளோரைடுக்குப் பயந்து வீட்டில் ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள், ‘நாம் குடிப்பதையே மீனுக்கும் கொடுப்போம்’ என்ற அன்பினால் தொட்டியையும் அதனாலேயே நிரப்புகிறார்கள். அதில் காரத்தன்மை ஏறக்குறைய இல்லை. பாட்டில் நன்றாக இருந்தும் மூன்றாவது வாரம் வரை அம்மோனியா இறங்காமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழி பாட்டிலின் மேல் விழுகிறது. தொட்டியைத் தயார் செய்யும் காலத்தில் போர் தண்ணீரையோ பாதிக்குப் பாதி கலந்ததையோ பயன்படுத்தி, மென்நீர் மீன்கள் வேண்டுமென்றால் பிறகு படிப்படியாக மாற்றிக்கொள்ளலாம்.

போர் தண்ணீரிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அம்மோனியாவின் நஞ்சு பி.எச். ஏற ஏறக் கூடுகிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். அதே கிட் அளவீடு, ஆர்.ஓ. தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவாகவும் போர் தண்ணீர்த் தொட்டியில் கொல்லும் அளவாகவும் இருக்கலாம்.

மீன் இல்லாமல் தொடங்கினால் அம்மோனியாவுக்கு எங்கே போவது? யூரியா போடலாமா?

அம்மோனியம் குளோரைடு வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் அதுவே. நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் கடைச் சரக்கில் மஞ்சள் கறையும் வேறு உலோகக் கலப்பும் இருக்கலாம் என்பதால், கல்லூரிகளுக்கு வேதிப்பொருள் விற்கும் கடையில் ஆய்வகத் தரத்தில் சிறு டப்பா வாங்குவது மேல். 3.5 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 55 லிட்டர் கொள்ளும் இரண்டடித் தொட்டிக்கு 10 மில்லி ஊற்ற, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா ஆகும். மேலே சொன்ன பத்து லிட்டர் வாளிக்கு 2 மில்லிக்குச் சற்றுக் குறைவு. 5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பாக்டீரியாவே திணறும். தரை துடைக்கும் அம்மோனியாவில் சோப்பும் வாசனையும் கலந்திருப்பதால் அது ஆகாது.

யூரியா வேண்டாம். அது அம்மோனியாவாக உடைய வேறு நுண்ணுயிர்கள் வேண்டும் என்பது ஒருபுறம். மறுபுறம், 2015 முதல் நம் நாட்டில் உரக்கடையில் கிடைக்கும் யூரியா வேம்புப் பூச்சு பெற்றது. மண்ணில் நைட்ரேட்டாக்க பாக்டீரியாவைத் தாமதப்படுத்துவதற்கென்றே பூசப்பட்டது. நாம் வளர்க்க விரும்பும் அதே கூட்டத்துக்கு எதிரான சரக்கு.

வீட்டில் அசோஸ்பைரில்லம் பாக்கெட் இருக்கிறது. அதுவும் பாக்டீரியாதானே?

வேளாண் வட்டாரம் என்பதால் இந்தக் கேள்வி இயல்பே. அசோஸ்பைரில்லமும் ரைசோபியமும் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கிப் பயிருக்குக் கொடுப்பவை. நமக்குத் தேவை அம்மோனியாவை ஒழிப்பது. திசையே வேறு. பஞ்சகவ்யம், அமிர்தக் கரைசல் போன்றவற்றைத் தொட்டியில் ஊற்றினால் கரிமப்பொருள் சேர்ந்து, அது அழுகி, ஆக்ஸிஜன் தீர்ந்து மீன் மேலே வந்து வாய் திறக்கும். செப்டிக் டேங்க் பொடியும் அவ்வாறே.

எவ்வளவு ஊற்ற வேண்டும்? இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு வேகமா?

லேபிள் அளவு போதும். கூடுதலாக ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் தீனிக்கு அம்மோனியா இல்லாவிட்டால் கூடுதலாக ஊற்றியது பட்டினியில் மடியும். ஊற்றும் முன் பாட்டிலைக் குலுக்கி, ஃபில்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலேயே ஊற்றுவது நல்லது. புற ஊதா விளக்கு இருந்தால் சில நாள் அணைத்து வைக்க வேண்டும். கடல்நீர்த் தொட்டிக்கான பாட்டிலை நன்னீரில் ஊற்றக் கூடாது, அதிலுள்ளவை வேறு வகைகள்.

ஊற்றிய இரண்டாம் நாள் தண்ணீர் பால்போல் வெளுத்துவிட்டது. கெட்டுவிட்டதா?

இல்லை. அது கரிமப்பொருளை உண்டு வேகமாகப் பெருகும் வேறு பாக்டீரியா. தண்ணீரை மாற்றாமல், காற்றை மட்டும் கூட்டி, தீனி போடாமல் இருந்தால் சில நாளில் தெளியும். இந்தக் கலங்கலைப் பார்த்து ‘பாட்டில் வேலை செய்கிறது’ என்று மகிழ்வதற்கும் ஏதும் இல்லை.

நண்பரின் பழைய தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் கிடைக்கும். அதுவும் பாட்டிலும் சமமா?

ஸ்பாஞ்சே மேல். உள்ளூர்த் தண்ணீருக்கும் உள்ளூர் வெப்பத்துக்கும் பழகி, ஏற்கெனவே படலமாக ஒட்டிய பாக்டீரியா அதில் இருக்கிறது. லாரிப் பயணமும் இல்லை. காரிமங்கலத்திலிருந்து பாலக்கோட்டுக்கு எடுத்துப் போவதானால் அதே தொட்டியின் தண்ணீரில் நனைந்தபடி, காற்றுப் புகும் டப்பாவில், அன்றே சேர்த்துவிட வேண்டும். குழாய் நீரில் அலசினால் எல்லாம் போயிற்று. நோயும் கூடவே வரும் என்பதுதான் ஒரே குறை: அந்தத் தொட்டியில் அண்மையில் வெள்ளைப் புள்ளி நோயோ வாலழுகலோ வந்திருந்தால் வாங்க வேண்டாம். அறிமுகமில்லாத கடையின் பொதுத் தொட்டி ஸ்பாஞ்சைவிட, இந்த ஒரு வகையில், பாட்டில் பாதுகாப்பானது.

ஓசூர், தளிப் பக்கத்தில் மார்கழியில் குளிர் அதிகம். அதனால் தாமதமாகுமா?

ஆகும். இந்த பாக்டீரியா 25 முதல் 30 டிகிரி வரை நன்றாக வளரும். 20-க்குக் கீழே வேகம் வெகுவாகக் குறையும். ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே ஹீட்டர் வைத்து 27 டிகிரியில் தொடங்குவது நல்லது. தருமபுரியில் நிலைமை நேரெதிர்: கோடையில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரையும் ஆக்ஸிஜன் குறைகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றச் சுமார் 4.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும் என்பதால், அங்கே ஹீட்டருக்குப் பதில் ஒரு கூடுதல் ஏர் பம்பில் செலவழிக்கலாம்.

பாட்டிலை நம்பி ஏற்கெனவே மீன் விட்டாயிற்று. இப்போது அம்மோனியா காட்டுகிறது. என்ன செய்வது?

தீனியை இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை என்று குறைத்து, குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் மூன்றில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் இருப்பதால், ஒட்டிப் பிடித்த பிறகு தண்ணீர் மாற்றம் அதைக் குறைக்காது. ‘தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடும்’ என்ற அச்சத்தால் மீனை நஞ்சில் வைத்திருப்பது கொடுமை. நைட்ரைட் ஏறினால், 10 லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் அயோடின் சேர்க்காத கல் உப்பு போடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். கப்பி, மோலி இதை எளிதில் தாங்கும். ஆஸ்கார், கோல்டு ஃபிஷ் போல் கழிவு மிகுந்த மீன்களை விட்டிருந்தால், கடைக்காரரிடமே சில வாரம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல.

கரண்ட் போனால் வளர்த்த பாக்டீரியா செத்துவிடுமா?

திறந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரில் சில மணி நேர மின்தடை பெரிய இழப்பை உண்டாக்காது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் நிலைமை வேறு: உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்ஸிஜன் விரைவில் தீரும். பராமரிப்புக்காக நாள் முழுதும் மின்சாரம் நிறுத்தும் நாளில், கேனிஸ்டரைத் திறந்து ஸ்பாஞ்சையும் கல்லையும் தொட்டிக்குள்ளேயே போட்டு, பேட்டரி ஏர் பம்பை ஓடவிடலாம். மின்சாரம் வந்ததும், கேனிஸ்டரில் தேங்கிக் கிடந்த தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுத்தான் மறுபடி இணைக்க வேண்டும்.

தொட்டி தயாரான பிறகும் வாரந்தோறும் ஊற்றச் சொல்கிறார்கள். தேவையா?

தேவை இல்லை. ஒட்டிய படலம் கிடைக்கும் தீனிக்கு ஏற்பத் தானே கூடும், குறையும். ஆன்டிபயாடிக் மருந்து போட்ட பிறகும், ஃபில்டரைத் தவறுதலாகக் குழாய் நீரில் கழுவிய பிறகும், ஒரே நாளில் மீன்களை இரட்டிப்பாக்கும்போதும் மட்டும் மீண்டும் ஊற்றலாம். மருந்து தண்ணீரில் இருக்கும்போதே ஊற்றினால் புதியதும் மடியும். கார்பன் வைத்தோ தண்ணீர் மாற்றியோ மருந்தை அகற்றிய பின் ஊற்றி, ஒரு வாரம் தினமும் அம்மோனியாவை அளந்து பார்க்க வேண்டும்.